‘எத்தனையாவது வந்தா?’: ஃபிகர் ஸ்கேட்டிங் தேர்வுகள் புரியாதவர்களுக்கு

அக்கா மகளுக்கு அன்று ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஆல்ஃபா என்ற நிலைக்கான டெஸ்ட். ஐஸ் ரிங்க்கை விட்டு வெளியே வந்து, பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் மூக்குக்கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அம்மாவின் போன். முதல் கேள்வியே, “எத்தனையாவது வந்தா?”

“இதுல அதெல்லாம் கிடையாதும்மா. பாஸ், இல்லன்னா மறுபடியும். அவ்வளவுதான்.”

“அப்ப பாஸா?”

“இல்ல. மறுபடியும்.”

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “பனிக்கட்டியில விளையாடுறதுக்கும் பரீட்சை வெச்சுட்டானுங்களா” என்று பெருமூச்சு விட்டார். பின் இருக்கையில் ஒன்பது வயதுக்காரி காலணிக் கயிற்றை அவிழ்த்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கவலை இல்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத்தான் இந்தத் தேர்வு என்ன வகை என்றே பிடிபடவில்லை. அவர்களுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

நம் மலேசியாவில் இதற்கு மிக நெருக்கமான உதாரணம் பள்ளிச் சோதனை இல்லை, வண்டி ஓட்டும் உரிமத்துக்கான ஜே.பி.ஜே. டெஸ்ட்தான். மேட்டில் ஏறி நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்க வேண்டும். கம்பத்தில் இடிக்காமல் பார்க்கிங் போட வேண்டும். எல்லாவற்றையும் அதிகாரி பார்க்கிறார். உங்களுக்கு முன்னால் போனவர் எவ்வளவு அழகாக ஓட்டினார் என்பது உங்கள் தாளில் வராது. நீங்கள் செய்தீர்களா, கட்டுப்பாட்டோடு செய்தீர்களா, அதுதான் கணக்கு. கையில் வரும் உரிமமும் எல்லா வண்டிக்கும் செல்லாது. டி என்றால் கார், பி2 என்றால் சின்ன மோட்டார் சைக்கிள். ஸ்கேட்டிங் தேர்வும் அப்படியே. ஒரு நிலையில் தேறினால் அடுத்த நிலையின் பாடத்துக்குக் கதவு திறக்கும். போட்டியில் எந்தப் பிரிவில், யாரோடு மோதலாம் என்பதும் அதை வைத்தே முடிவாகும்.

நடுவில் ஒரு சின்னப் புலம்பல். நம் செய்திகளில் ஐஸ் ஸ்கேட்டிங், மலைச்சரிவில் இறங்கும் ஸ்கீயிங் இரண்டையும் ‘பனிச்சறுக்கு’ என்றே எழுதிவிடுகிறார்கள். அது பொலபொலவென்ற பனியில், மலையில். இது இறுகிய பனிக்கட்டியில், நான்கு சுவருக்குள், பெரும்பாலும் உணவுக்கடைகளுக்குப் பக்கத்தில். குழப்பம் வேண்டாம் என்று இங்கே ஸ்கேட்டிங் என்றே எழுதுகிறேன்.

கோலாலம்பூர் வட்டாரத்தில் பிள்ளைகள் முதலில் சந்திப்பது பெரும்பாலும் ஐ.எஸ்.ஐ. என்ற அமைப்பின் தேர்வுகளைத்தான். 1959ல் அமெரிக்காவில் ரிங்க் நடத்துபவர்கள் சேர்ந்து தொடங்கிய அமைப்பு அது. ஆகவே அதன் தேர்வுகள் ஒலிம்பிக் வீரரைச் சல்லடை போட்டுத் தேடுவதற்காக வந்தவை இல்லை. ரிங்க்குக்கு வருகிறவர் மறுவாரமும் வர ஒரு காரணம் வேண்டும், அதற்காக வந்தவை. இதில் வியாபாரம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. நிலைகள் கூடக் கூடக் கட்டணங்களும் கூடும். ஆனாலும் படிகளை அடுக்கிய விதத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. அது தெரிந்தால் பணம் எதற்குப் போகிறது என்பதாவது புரியும்.

சின்னஞ்சிறு குழந்தைகளுக்குத் தனிப்படி இருக்கிறது. மற்றவர்களுக்குப் பிரி-ஆல்ஃபா, ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா. இந்த ஐந்தும் அடிப்படை. அதற்கு மேல் ஃபிரீஸ்டைல் 1 முதல் 10 வரை. (‘டெல்டா’ என்றதும் அம்மா பதறிவிட்டார். 2021ஐ வீட்டுக்குள் அடைந்து கழித்தவர்களுக்கு அந்தச் சொல் இன்னும் கொரோனாதான்.)

பிரி-ஆல்ஃபாவில் இரண்டு காலில் வழுக்கிப் போவது, ஒரு காலில் வழுக்கிப் போவது, பாதங்களை விரித்துக் கூட்டி மீன் வடிவத்தில் கோடு போட்டு முன்னும் பின்னும் நகர்வது ஆகியவை உண்டு. சுவரைப் பிடிக்காமல் நிற்கத் தெரிந்த பிள்ளை இதை ஓரளவு விரைவில் தாண்டிவிடும். நான் தாண்டவில்லை. வாடகைக் காலணியில் ஒரு சனிக்கிழமை இறங்கிப் பார்த்தேன், பிளேடு மொண்ணை என்று அதன்மேல் பழியைப் போட்டுவிட்டுக் கரையேறினேன். உண்மையில் மொண்ணையாகத்தான் இருந்தது. ஆனால் அதே காலணியில் ஓர் ஆறு வயதுப் பையன் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான்.

ஆல்ஃபாவிலிருந்துதான் விஷயம் ஆரம்பிக்கிறது. அதற்கு முன் பிளேடைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஸ்கேட்டிங் பிளேடு கத்தியைப் போல ஒரே கூர்முனை கொண்டது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் தடிமன் 4 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் நீளவாக்கில் ஒரு வாய்க்கால் ஓடும். நடுவில் பள்ளம், இருபுறமும் கரை. இந்தக் கரைகள்தான் எட்ஜ். பெருவிரல் பக்கம் இருப்பது உள் எட்ஜ், சுண்டுவிரல் பக்கம் இருப்பது வெளி எட்ஜ். நேராக நின்றால் இரண்டும் பனிக்கட்டியைத் தொடும். உடலை ஒரு பக்கம் சாய்த்தால் ஒன்று மட்டும் பதியும், பாதை தானாக அந்தப் பக்கம் வளையும். ஒரு காலுக்கு முன்னோக்கி இரண்டு, பின்னோக்கி இரண்டு. இரு காலுக்கும் சேர்த்து எட்டு. ஃபிகர் ஸ்கேட்டிங்கின் நெடுங்கணக்கு அந்த எட்டு எழுத்துதான். பெற்றோர் மேலே இருந்து பிள்ளையின் கையையும் முகத்தையும் பார்க்கிறோம். நடுவர் குனிந்து அந்த 4 மில்லிமீட்டரைப் பார்க்கிறார்.

இனி ஆல்ஃபா. முன்னோக்கித் தள்ளிப் போவது, ஒரு காலால் பனியைச் சீவி நிற்பது, அப்புறம் கிராஸ்ஓவர். கிராஸ்ஓவர் என்றால் வளைவில் போகும்போது வெளிப்பக்கத்துக் காலைத் தூக்கி உள்பக்கத்துக் காலுக்குக் குறுக்கே வைப்பது. இதை இரண்டு திசையிலும் செய்து காட்ட வேண்டும். எங்கள் பிள்ளை நின்றுபோனது இங்கேதான்.

காரணத்தை யோசித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. பொதுமக்கள் நேரத்தில் ரிங்க்கில் எல்லோரும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில்தான் சுற்றுவார்கள். வாரம் தவறாமல் அந்தக் கூட்டத்தோடு சுற்றிய பிள்ளைக்கு அந்தத் திசை கைவந்த கலை. மறுதிசையில் ஒரு முழுச் சுற்றுகூடப் போனதில்லை, போகவும் விடமாட்டார்கள். கோயிலில் நாம் வலம் வருகிறோம், சாமி வலக்கைப் பக்கம் இருக்க. ரிங்க்கில் எல்லாம் இடப்பக்கம். தேர்வு இரண்டையும் கேட்கிறது.

தேர்வன்று பழகிய திசைச் சுற்று அழகாகப் போனது. நடுவர் விரலால் மறுபக்கம் வட்டம் போட்டுக் காட்டினார். இவள் திரும்பினாள். இடக்காலைத் தூக்கி வலக்காலுக்குக் குறுக்கே வைத்தாள். ஆனால் சாயவில்லை. வலக்கால் தன் வெளி எட்ஜில் படுத்திருக்க வேண்டும். அது நட்டுக்குத்தலாக நின்றது. அதனால் தள்ளுவதற்குப் பிடி இல்லை. காலைத் தூக்கி வைத்தாள், மறுபடி தூக்கி வைத்தாள், பத்துமலைப் படி ஏறுவதைப் போல. கால் குறுக்கே போய்த்தான் வந்தது, வேகம் மட்டும் ஒவ்வோர் அடிக்கும் குறைந்தது. கிராஸ்ஓவரில் இரண்டு தள்ளல் உண்டு. மேலே போகும் கால் குறுக்கே இறங்குவதற்கு முன் தள்ளுவது ஒன்று. அடியில் மாட்டிக்கொண்ட கால் வெளி எட்ஜிலிருந்து பின்னுக்குத் தள்ளுவது இன்னொன்று. நடுவர் தேடியது அந்த இரண்டாவதை. அது வரவில்லை. தாளில் மற்ற இடமெல்லாம் டிக், அந்த ஓர் இடத்தில் ஒரு சின்னக் குறிப்பு.

ஒரே ஒரு குறைக்காக மொத்தத்தையும் நிறுத்துவது கொடுமையாகத் தெரியலாம். எனக்கும் தெரிந்தது. ஆனால் மேலே வருவதைப் பார்த்தால் நியாயம் புரியும்.

பீட்டா முழுக்கப் பின்னோக்கி. பின்னால் தள்ளிப் போவது, பின்னோக்கிய கிராஸ்ஓவர், ‘டி’ வடிவில் காலை வைத்து நிற்பது. காமாவில் த்ரீ-டர்ன். ஒரே காலில் முன்னோக்கிப் போய்க்கொண்டே பின்னோக்கித் திரும்பிவிடுவது. கால் மாறாது, எட்ஜ் மாறும். வெளி எட்ஜில் நுழைந்தால் உள் எட்ஜில் வெளியேற வேண்டும். அது பனிக்கட்டியில் விட்டுச்செல்லும் கோடு 3 என்ற எண்ணைப் போலவே இருக்கும். இரண்டு வளைவு, நடுவில் ஒரு மூக்கு. பெயர் வந்ததும் அதனால்தான். கால் மாற்றித் திரும்பினால் அது மோஹாக், அதுவும் காமாவில்தான்.

பனிக்கட்டியைச் சமப்படுத்தும் வண்டி ஒரு சுற்றுப் போய்வந்ததும் ரிங்க் கழுவிய தளம்போல மின்னும். அந்த நேரத்தில் த்ரீ-டர்ன் போடும் ஒரு பெரிய பிள்ளையைப் பாருங்கள். போன பிறகு கோட்டைப் பாருங்கள். நன்றாகச் செய்திருந்தால் மூக்கு கூராக, கோடு ஒற்றை இழையாக இருக்கும். எட்ஜ் தவறியிருந்தால் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு தீற்றல், ஈரக்கோலத்தைப் பாவாடை நுனி இழுத்துவிட்டதைப் போல. பயிற்றுநர் எங்கள் பிள்ளையை ஒருமுறை முட்டி போடவைத்து அவள் கோட்டை அவளுக்கே காட்டினார். அதற்குப் பிறகு அவள் தன் தடத்தைத் தேடிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். “மாமா, இது என்னோடது” என்று என்னையும் கூப்பிட்டுக் காட்டுவாள்.

இந்தக் கோடு பார்க்கும் வழக்கம் புதிதில்லை. ‘ஃபிகர்’ என்ற சொல்லே அங்கிருந்து வந்ததுதான். ஒரு காலத்தில் உலகப் போட்டிகளிலேயே வீரர்கள் பனிக்கட்டியில் 8 என்ற எண்ணைப் போன்ற வடிவங்களை வரைந்து, வந்த கோட்டின் மேலேயே திரும்பத் திரும்பப் போய்க் காட்ட வேண்டும். நடுவர்கள் குனிந்து இழை விலகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். மொத்த மதிப்பெண்ணில் பாதிக்கும் மேல் அதற்குப் போன காலம் உண்டு. 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் ஆஸ்திரியாவின் பியாட்ரிக்ஸ் ஷூபா கோடு போட்டே தங்கம் வாங்கினார். இசைக்கு ஆடும் பகுதியில் அவருக்குக் கிடைத்தது ஏழாவது இடம். தொலைக்காட்சி பார்த்தவர்களுக்கு, இத்தனை பேர் இவரைவிட நன்றாக ஆடியும் இவர் எப்படி முதல் என்று தலை சுற்றியிருக்கும். கட்டாயக் கோடுகளின் பங்கு படிப்படியாகக் குறைந்து, 1990க்குப் பிறகு சர்வதேசப் போட்டிகளிலிருந்தே போய்விட்டது. போட்டியை விட்டுப் போனதே தவிர, தேர்வுகளை விட்டுப் போகவில்லை. அமெரிக்கச் சங்கத்தின் முறையில் எட்ஜ்களையும் திருப்பங்களையும் மட்டும் சோதிக்கத் தனித் தேர்வு வரிசையே இருக்கிறது. தாவல், சுழற்சிக்கு வேறு வரிசை. முதலாவதில் சறுக்கினால் இரண்டாவதில் மேலே போவது கடினம்.

டெல்டாவில் உள் எட்ஜ் த்ரீ-டர்ன், முன்னோக்கிய எட்ஜ்கள், முயல் போல ஒரு சின்னக் குதி. அப்புறம் ஒரு காலில் குந்தி மறுகாலை முன்னால் நீட்டியபடியே வழுக்கிப் போவது. இதற்கு ஆங்கிலத்தில் வாத்தைச் சுடுவது என்று பெயர். பிள்ளைகளுக்கு உயிர். தேர்வு இல்லாத நாளிலும் நாள் முழுக்க வாத்துச் சுட்டுக்கொண்டிருப்பார்கள். மாற்றாக, முட்டி மடக்கிப் பின்காலை இழுத்துச் செல்வதும் உண்டு.

ஃபிரீஸ்டைல் 1ல்தான் வால்ட்ஸ் ஜம்ப் வருகிறது. முன்னோக்கி ஏறி, அரைச் சுற்றுச் சுற்றி, பின்னோக்கி இறங்குவது. இதன் மேல் இன்னும் ஒரு முழுச் சுற்றைச் சேர்த்தால் அதுதான் ஆக்ஸல், ஒன்றரைச் சுற்று. 1882ல் வியன்னாவில் நார்வேக்காரர் ஆக்ஸல் பால்சன் செய்து காட்டியதால் அந்தப் பெயர். அமெரிக்காவின் இலியா மலினின் 2022ல் அதை நாலரைச் சுற்றாகப் போட்டியில் முதன்முதலாகச் செய்தார். ஸ்வீடனின் உல்ரிக் சால்கோவ், ஆஸ்திரியாவின் அலோயிஸ் லுட்ஸ் பெயர்களிலும் தாவல்கள் உண்டு. எங்கள் பிள்ளைக்கு இந்தப் பெயர்களெல்லாம் மனப்பாடம். ஆல்ஃபா தாண்டாதவளுக்கு லுட்ஸ் எதற்கு என்று கேட்கக் கூடாது.

இனி அந்த நியாயம். தாவல்கள் எப்படி ஏறினாலும் இறங்குவது ஒரே மாதிரிதான், பின்னோக்கிய வெளி எட்ஜில். இடப்பக்கம் சுற்றுபவருக்கு அது வலக்கால். அதாவது உடல் எடை முழுவதும் வேகத்தோடு வந்து விழப்போகும் இடம், இந்தப் பிள்ளை படியேறுவதைப் போலத் தூக்கி வைத்தாளே, அதே வலக்காலின் வெளிக்கரை. முன்னோக்கி நிதானமாகப் போகும்போதே அதில் சாயத் தயங்குகிறவளை, அந்தரத்தில் சுற்றிவந்து பின்னோக்கி அதில் இறங்கச் சொன்னால் என்ன ஆகும்? ஆல்ஃபாவில் டிக் போடாத நடுவர் ஃபிரீஸ்டைலில் உடையக்கூடிய மணிக்கட்டு ஒன்றைக் காப்பாற்றினார் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. மறுதேர்வுக்கும் கட்டணம் உண்டே.

உலகம் முழுக்க ஒரே தேர்வு முறை கிடையாது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான் என ஒவ்வொரு நாட்டுச் சங்கத்துக்கும் தனி ஏணி. அமெரிக்காவில் மேல்படித் தேர்வின் பெயரே ‘கோல்டு’. அதில் தேறியவர் தன்னைக் கோல்டு மெடலிஸ்ட் என்று சொல்லிக்கொள்வதும் உண்டு. போட்டி எதிலும் வென்றிருக்க வேண்டியதில்லை. பயிற்றுநரின் தகுதிப் பட்டியலைப் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும். ஏமாற்று இல்லை, அந்தத் தேர்வு உண்மையிலேயே கடினம். ஆனால் நாம் நினைக்கும் பதக்கம் வேறு.

சர்வதேசப் போட்டிக்குப் போகும்போது ஆல்ஃபா, பீட்டா எதுவும் துணைக்கு வராது. அங்கே முதலில் வயது. ஜூனியருக்குக் குறைந்தது 13, சீனியருக்கு 17. சீனியருக்கு முன்பு 15 போதும் என்றிருந்தது, 2022ல் உயர்த்த முடிவெடுத்தார்கள். உலகச் சாம்பியன்ஷிப்புக்குப் போக, அங்கீகரித்த போட்டிகளில் குறைந்தபட்சத் தொழில்நுட்ப மதிப்பெண்ணும் எடுத்திருக்க வேண்டும். அதுவும் ஒருவகைத் தேர்வுதான், தனியாகத் தேதி குறிக்காத தேர்வு.

பேரங்காடி ரிங்க்கிலிருந்து அந்த இடம் வரை போக முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஜூலியன் யீயைக் காட்டுவேன். உணவுக்கடைக்கும் திரையரங்குக்கும் நடுவில் பழகிய நம் ஊர்ப் பிள்ளை. 2017 ஆகஸ்டில் கோலாலம்பூரில் தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுப் போட்டியில் முதன்முறையாகப் பனிக்கட்டி விளையாட்டுகளைச் சேர்த்தபோது ஆண்கள் தங்கம் அவருக்கு. அடுத்த மாதமே ஜெர்மனியில் ஒலிம்பிக் தகுதிப் போட்டி. 2018 பியோங்சாங்கில் குளிர்கால ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் மலேசியராக இறங்கினார். முதல் சுற்றில் 25வது இடம். இறுதிச் சுற்றுக்குப் போனது 24 பேர். ‘எத்தனையாவது’ என்று கேட்க வேண்டிய இடம் அதுதான், அங்கே அந்தக் கேள்வி வலிக்கவும் செய்யும்.

பெற்றோர் அடிக்கடி முணுமுணுக்கும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தேர்வு ஒருவழிக் கதவு. ஒரு நிலையில் தேறிப் பதிவாகிவிட்டால் அதற்குக் கீழான பிரிவில் போட்டி போட முடியாது. அதனால் சிலர், பிள்ளை தயாராக இருந்தும் தேர்வைத் தள்ளிப்போட்டு, கீழ்ப் பிரிவிலேயே வைத்துக் கோப்பைகளாக அள்ளுவார்கள். விதிப்படி தப்பில்லை. ஆனால் ஆல்ஃபாப் பிள்ளைகள் தட்டுத்தடுமாறும் ரிங்க்கில் ஒரு பிள்ளை மட்டும் பறவைபோலப் பறந்தால் பார்க்கிறவர்களுக்குத் தெரியாதா என்ன? தலைகீழாகச் செய்கிறவர்களும் உண்டு. தேர்வை மூச்சுமுட்ட முடித்து, மேல் பிரிவில் போய்க் கடைசியாக நிற்பார்கள். நம் ஆட்கள் பெரும்பாலும் இரண்டாம் ரகம். பியானோ கிரேடை வருடத்துக்கு ஒன்றாக முடித்துப் பழகியவர்கள் நாம்.

தேர்வு நாளைப் பற்றிக் கொஞ்சம். தடித்த காலுறை வேண்டாம், காலணிக்குள் பாதம் நழுவும். பிளேடை முந்தின நாள் தீட்டாதீர்கள், புதுக்கூர் காலுக்குப் பழக ஓரிரு நாள் வேண்டும். வெளியே 33 டிகிரி என்பதற்காக அரைக்கைச் சட்டையில் பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள், முறை வரும்வரை நின்றே விறைத்துப்போவாள். விழுந்தால் எல்லாம் முடிந்தது என்று பிள்ளைக்குச் சொல்லி வைக்காதீர்கள். நடுவர் பார்ப்பது கட்டுப்பாட்டைத்தான். ஒரு கூறை மட்டும் மறுபடி செய்து காட்டச் சொல்லும் வழக்கமும் சில முறைகளில் உண்டு. முக்கியமாக, தடுப்புக்கு வெளியே நின்று கையால் சைகை காட்டாதீர்கள். நான் காட்டினேன். பிள்ளை என்னைப் பார்த்தாள், நடுவர் பிள்ளையைப் பார்த்தார், பிறகு இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

மறுதேர்வுக்கு முன் நாங்கள் செய்தது ஒன்றுதான். சனிக்கிழமை கதவு திறந்ததும், கூட்டம் சேர்வதற்கு முன், ரிங்க்கின் நடுவில் வகுப்புக்கென்று விட்ட வட்டத்தில் வலப்பக்கமாகவே சுற்றவைத்தோம். மூன்றாவது வாரம் பனிக்கட்டியில் கேட்கும் சத்தம் மாறியது. டக், டக் என்று வைத்த கால் ‘ஸ்ர்ர்’ என்று சீவ ஆரம்பித்தது. அன்று அவள் முகத்தைவிட அந்தச் சத்தம்தான் எனக்கு நினைவிருக்கிறது.

டிக் விழுந்தது. தோசை சாப்பிட மாமாக் உணவுக்கடையில் உட்கார்ந்ததும் அம்மாவுக்கு நானே போன் போட்டேன். பாஸ் என்றதும் மகிழ்ந்தார். அடுத்தது என்ன என்றார். பீட்டா, முழுக்கப் பின்னால் போவது என்றேன்.

“முன்னால போறதுக்கே ரெண்டு பரீட்சை. இப்பப் பின்னால போறதுக்கு வேறயா?”

போனைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன், அவளே விளக்கட்டும் என்று.